குளக்கரை, முற்றம், பனம்பாத்தி: வன்னியில் வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறை விஞ்ஞான வகுப்பு

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இப்படியொரு வகுப்பைத் தொடங்குவதற்கு நல்ல மாதம் புரட்டாதி. பனம்பழம் விழுந்து முடிகிற காலம் அது. குளங்கள் வற்றி அலைகரைச் சேறு வெளியே தெரியும். மாரி இன்னும் பிடித்திருக்காது. மழைமானியைச் செய்து நட்டுவைக்கவும், கொட்டைகளைப் பாத்தியில் போடவும், வற்றிய குளத்தை வரைந்து வைக்கவும் அப்போது நேரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும்போது ஒப்பிட்டுப் பார்க்க முதற் பதிவு ஒன்று கையில் இருக்கும். தை மாதத்தில் தொடங்குகிறவர்களும் செய்யலாம். ஆனால் அவர்களுக்குக் குளம் நிரம்பிய கதையின் கடைசிப் பகுதிதான் மிஞ்சும்.

6 முதல் 13 வயது வரையான நான்கு முதல் ஆறு பிள்ளைகளுக்கு, வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 90 நிமிடம் என்று வைத்து இது எழுதப்பட்டுள்ளது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் மட்டும் என்றாலும் அளவுகள் மாறா. நீர்நிலை அருகே போகும் நாளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கட்டாயம்.

இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். பிள்ளையை வீட்டிலேயே படிப்பிக்கிறவர்கள் தங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் நிலைமையைப் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தரம் 1–5க்கு ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’, தரம் 6 முதல் ‘விஞ்ஞானம்’ ஆகிய பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் இறக்கலாம். கீழே வரும் கலைச்சொற்கள் பெரும்பாலும் அந்த நூல்களில் உள்ளவையே. பிறகு தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைக்கு அது உதவும்.

முதலில் பாதுகாப்பு

வேறு ஊர்களுக்கு எழுதப்பட்ட இயற்கை வகுப்புக் குறிப்புகளை அப்படியே இங்கே எடுத்து நடத்த முடியாது. “காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்ணில் இழுத்து இரும்பு தேடுங்கள்” என்று அவற்றில் இருக்கும். வன்னியில் அந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். மண்ணில் கிடக்கும் தெரியாத உலோகப் பொருள் எதையும் பிள்ளை தொடக்கூடாது, காலால் தட்டக்கூடாது, கல்லெறியவும் கூடாது. மழை மேல்மண்ணை அரித்துப் பழைய வெடிபொருளை வெளியே கொண்டுவரும். எனவே போன மாதம் ஒன்றுமில்லாத இடத்தில் இந்த மாதம் ஏதாவது கிடக்கலாம். ஊர்ச்சனம் நாளாந்தம் நடக்கிற பாதையில் மட்டும் போங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் போகவே வேண்டாம். மண் மாதிரியை உங்கள் முற்றத்திலோ பயிர் செய்துவரும் சொந்தக் காணியிலோ மட்டும் எடுங்கள். சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் நின்று, வந்த அடியிலேயே திரும்பி, 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். இதை முதல் வகுப்பிலேயே நடித்துப் பார்க்கச் செய்யுங்கள். வாயால் சொல்வது மட்டும் போதாது.

குளங்களில் முதலை உண்டு. பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்குவதில்லை என்பது விதி. வலை போடுவது ஆழமில்லாத வாய்க்கால் ஓரத்தில் அல்லது மழைக்குப் பின் தேங்கும் பள்ளத்தில். துருசுக்கும் (குளத்து மதகு) வானுக்கும் (மிகைநீர் வழியும் இடம்) கிட்டே போகக்கூடாது. வான் பாயும் நாட்களில் குளக்கட்டுப் பயணமே வேண்டாம். யானை நடமாட்டம் உள்ள பக்கங்களில் காலை 7.30க்கு முன்னும் பின்னேரம் 5 மணிக்குப் பின்னும் வெளிவகுப்பை வைக்காதீர்கள்.

பாம்புக்காக மூடிய சப்பாத்தும், முன்னே தட்டிக்கொண்டு போக ஒரு தடியும் வேண்டும். துளையுள்ள பழைய புற்றுகளைக் கிண்ட வேண்டாம். கடித்துவிட்டால் அந்தக் கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம் காப்பு இருந்தால் கழற்றி, 1990 நோயாளர் காவு வண்டியைக் கூப்பிடுங்கள். கட்டு இறுக்குவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கெடுதல். பாம்பைத் துரத்திப் பிடிக்கவும் தேவையில்லை. காலில் புண் உள்ள பிள்ளை வயல் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். மருந்தடித்த வயலுக்கும் அதன் கழிவு வாய்க்காலுக்கும் போகவேண்டாம். வயல்காரரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

பெட்டியும் கொப்பியும்

பெரிய சாமான் ஒன்றும் தேவையில்லை. பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை இரண்டு, 20 மி.லீ. ஊசிக்குழல் ஒன்று (ஊசியில்லாமல் பாமசியில் வாங்கலாம்), 30 செ.மீ. அடிமட்டம், தையல் அளவுநாடா, வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, மூடியுள்ள கண்ணாடி ஜாம் போத்தல் ஆறு, ஒரே அளவான தெளிந்த 500 மி.லீ. தண்ணீர்ப் போத்தல் ஐந்து, நுளம்பு வலைத் துண்டு, இறப்பர் வளையம், காயத்துக்குப் போடும் பொவிடோன் அயடீன் சிறு போத்தல். இவ்வளவும் ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் அடங்கும்.

கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஐந்து விடயம் இருக்கவேண்டும்: திகதியும் நேரமும், வானம் எப்படி, எதிர்வுகூறல், அவதானம், மிஞ்சிய கேள்வி. இவற்றில் எதிர்வுகூறல்தான் உயிர். சோதனையில் கை வைக்க முன் “என்ன நடக்கும், ஏன்?” என்று பிள்ளை ஒரு வரி எழுதவேண்டும். எழுதத் தெரியாத பிள்ளை சொல்ல நீங்கள் எழுதுங்கள். எழுதிய பிறகு அழிறப்பரைத் தொடக்கூடாது. எதிர்வுகூறல் பிழைத்த இடத்திலிருந்துதான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும். விடையை முதலே சொல்லிவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

மழைமானி

வரிவரியாக மடிப்பில்லாத, பக்கம் நேரான 1.5 லீற்றர் சோடாப் போத்தல் எடுங்கள். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், உடல் நேராக உள்ள இடம் பார்த்து வட்டமாக வெட்டுங்கள். வெட்டிய மேற்பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் உள்ளே வைத்து, இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க ரேப் ஒட்டுங்கள்.

பல குறிப்புகளில் போத்தலின் பக்கத்தில் அடிமட்டம் ஒட்டி மில்லிமீற்றர் வாசிக்கச் சொல்வார்கள். போத்தலின் அடி குழிந்தும் புடைத்தும் இருப்பதால் முதல் சில சென்ரிமீற்றர் பிழைக்கும். கூழாங்கல் போட்டுச் சுழியக் கோடு வரைந்தாலும் வெயிலில் அந்தத் தண்ணீர் ஆவியாகிக் கோடு கீழே போய்விடும். நல்ல வழி, விழுந்த நீரை ஊசிக்குழலால் அளப்பது. வாயின் விட்டத்தை அளவுங்கள். 9 செ.மீ. என்றால் ஆரை 4.5 செ.மீ., பரப்பு ஏறத்தாழ 64 சதுர சென்ரிமீற்றர். அப்படியானால் 6.4 மி.லீ. தண்ணீர் என்பது 1 மி.மீ. மழை. 32 மி.லீ. கிடைத்தால் 5 மி.மீ. தரம் 6க்கு மேற்பட்ட பிள்ளை இந்தக் கணக்கைத் தானே செய்யட்டும். சின்னப் பிள்ளைக்கு ஒரு அட்டவணை எழுதி ஒட்டிவிடுங்கள்.

இடம் முக்கியம். கூரைக்கும் மரத்துக்கும் அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, ஒரு மீற்றர் அளவு உயரமான கட்டையில் கட்டுங்கள். தரையில் வைத்தால் தெறிக்கும் மண்ணீரும் சேரும். ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு வாசியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் அதே நேரத்தில்தான் நாள் மழையைக் கணக்கெடுக்கிறது, எனவே வானொலியில் சொல்லும் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடலாம். வாசித்ததும் கவிழ்த்து ஊற்றுங்கள். ஊற்றாமல் விட்டால் நுளம்பு வளரும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது போன்ற மழை வந்தால் போத்தல் இரவோடிரவாக நிரம்பி வழியும். கனமழை அறிவித்தால் பகலில் ஒருமுறை அளந்து ஊற்றிவிட்டு இரண்டையும் கூட்டுங்கள்.

எண் கிடைத்ததும் அதை நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 1 சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை 1 லீற்றர். 50 சதுர மீற்றர் கூரையில் 10 மி.மீ. மழை 500 லீற்றர். ஒரு ஏக்கர் வயலில் அதே 10 மி.மீ. 40,000 லீற்றருக்கு மேல், அதாவது 1000 லீற்றர் நீர்த்தாங்கி நாற்பது. காலபோகத்துக்கு (மாரிமழையை நம்பிய நெற்செய்கை) ஏன் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள் என்பதை இந்தப் பெருக்கலில் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும். இரணைமடுக் குளத்தின் கொள்ளளவு, புனரமைப்பில் கட்டு உயர்த்தப்பட முன், ஏறத்தாழ 131 மில்லியன் கனமீற்றராக இருந்தது. பெரிய பிள்ளைக்கு அந்த எண்ணைக் கொடுத்து, அது எத்தனை ஏக்கரில் விழுந்த 10 மி.மீ. மழைக்குச் சமன் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மண்ணும் கலங்கிய தண்ணீரும்

இந்தப் பகுதிக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். வன்னியில் கைக்கெட்டும் தூரத்தில் செம்மண், வயல்களின் சாம்பல் நிறக் களி, ஆற்றோர மணல் மூன்றும் கிடைக்கும்.

முதல் நாள் படிவுச் சோதனை. மண்ணிலுள்ள கல், வேர், சருகை எடுத்துவிட்டு உடைத்துத் தூளாக்கி, ஜாம் போத்தலில் 5 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். 13 செ.மீ. வரை தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி சேர்த்து மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிந்த மட்டத்தைக் கோடிடுங்கள், அது மணல். இரண்டு மணித்தியாலத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே உள்ளது மண்டி. ஒன்று அல்லது இரண்டு நாளுக்குப் பிறகு படிவது களி. மொத்தம் 50 மி.மீ.யில் மணல் 30 மி.மீ. என்றால் 60 வீதம். சருகு மிதப்பதைப் படிவில் சேர்க்கவேண்டாம். இடையில் யாராவது போத்தலைத் தூக்கிப் பார்த்தால் கோடுகள் கலைந்துவிடும். அதுதான் இந்தச் சோதனையில் அதிகம் நடக்கும் பிழை, போத்தலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது மூன்று மண்ணிலும் நீர் வடியும் வேகம். அடியில் ஆறு துளையிட்ட மூன்று போத்தல்களில் சம அளவு மண், ஒவ்வொன்றிலும் 200 மி.லீ. தண்ணீர், பத்து நிமிடத்தில் கீழே எவ்வளவு வந்தது. முதல் ஓட்டத்தில் காய்ந்த மண் நீரைத் தானே குடித்துவிடும். எனவே ஒருமுறை நனைத்து வடியவிட்டு, இரண்டாம் ஓட்டத்தைப் பதியுங்கள்.

இனி ஐந்து போத்தல் சோதனை. மழைத்தண்ணீர் 2 லீற்றரில் வயற்களி இரண்டு கைப்பிடி கரைத்து, அரை மணித்தியாலம் வைத்து, மேலே நிற்கும் கலங்கிய நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஐந்து போத்தலிலும் அதில் 250 மி.லீ. விடுங்கள். முதலாவதில் மழைத்தண்ணீர் 250 மி.லீ. சேர்ப்பது, அதுதான் கட்டுப்பாடு (மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான போத்தல்). இரண்டாவதில் கிணற்றுத் தண்ணீர் அல்லது குழாய்க்கிணற்றுத் தண்ணீர் 250 மி.லீ. மூன்றாவதில் மழைத்தண்ணீரும் ஒரு தேக்கரண்டி உப்பும். நான்காவதில் மழைத்தண்ணீரும் படிகாரத் தூள் ஒரு சிட்டிகையும். ஐந்தாவதற்குத் தேத்தாங்கொட்டை. சேர்க்கவேண்டிய 250 மி.லீ. மழைத்தண்ணீரைச் சொரசொரப்பான மண்சட்டியில் விட்டு, அதன் உட்பக்கத்தில் கொட்டையை இரண்டு நிமிடம் அழுத்தி உரைத்து, அந்த நீரை ஊற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவு குலுக்கி ஒரே நேரத்தில் வையுங்கள். பின்னால் அச்சடித்த பத்திரிகைத் துண்டைப் பிடித்து, எழுத்தை வாசிக்க முடிகிற நேரத்தை ஒவ்வொரு போத்தலுக்கும் குறியுங்கள்.

எந்தப் போத்தல் கடைசியில் தெளியும் என்று கேட்டால், கிணற்றுத் தண்ணீர் விட்டதைப் பலர் சொல்வார்கள். நடப்பது வேறு. கடைசியில் தெளிவது, சில வேளை இரண்டு நாளாகியும் தெளியாமல் நிற்பது, சுத்தமான மழைத்தண்ணீர் மட்டும் விட்ட போத்தல்தான். களித் துணிக்கைகள் மறை மின்னேற்றம் (−) கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் தொங்கி நிற்கும். கல்சியம் கூடிய கிணற்று நீரிலும் உப்பிலும் படிகாரத்திலும் உள்ள நேரேற்ற அயன்கள் அந்தத் தள்ளுகையைக் குறைக்கும். துணிக்கைகள் ஒட்டிப் பெரிதாகிக் கீழே விழும். தேத்தாங்கொட்டையில் உள்ள புரதமும் பசைப்பொருளும் துணிக்கைகளைச் சேர்த்துப் பிடிக்கும். கலங்கிய குளத்து நீரைத் தெளியவைக்க ஊரில் கையாண்ட முறை அது. ஆனால் தெளிந்த தண்ணீர் கிருமியற்ற தண்ணீர் அல்ல. கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்கக்கூடாது, இந்தச் சோதனை நீரைக் கொதிக்க வைத்தும் குடிக்கவேண்டாம்.

இதில் பிழைக்கும் இடங்கள் மூன்று. செம்மண்ணை எடுத்தால் அதிலுள்ள இரும்புச் சேர்வைகள் ஏற்கெனவே துணிக்கைகளைக் கட்டி வைத்திருப்பதால் ஐந்தும் விரைவாகத் தெளிந்து வித்தியாசம் தெரியாது. படிவுச் சோதனைக்குப் பாவித்த போத்தலைச் சரியாகக் கழுவாமல் எடுத்தால் சவர்க்காரம் களியைப் பிரித்தே வைத்திருக்கும். கிணற்று நீர் மென்னீராக இருந்தால் இரண்டாவது போத்தல் எதிர்பார்த்தபடி வராது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு உண்டா என்று முதலே பாருங்கள். உண்டென்றால் வன்னீர். அந்தப் படிவில் ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைத்துக் காபனீரொட்சைட்டு வரும், அதையும் கொப்பியில் சேர்க்கலாம்.

வலை போடும் நாள்

25 செ.மீ. விட்டமான கம்பி வளையத்தில் பழைய நுளம்பு வலையை இரட்டையாகத் தைத்து, 1.5 மீற்றர் தடியில் கட்டுங்கள். வாய்க்கால் ஓரப் புல்லின் அடியில் எட்டு வடிவில் பத்துத் தடவை இழுத்து, 3 செ.மீ. தண்ணீர் உள்ள வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, நிழலில் வைத்து இரண்டு நிமிடம் யாரும் தொடாமல் பார்த்திருங்கள். முதலில் வெறும் குப்பையாகத் தெரியும். பிறகு குப்பை நடக்கத் தொடங்கும். தும்பியின் குடம்பி, வாற்பேத்தை, நத்தை, நீர்த்தேள், சின்ன மீன். தும்பிக் குடம்பி மற்றதைப் பிடித்துத் தின்னும், அதைத் தனிப் போத்தலில் விடுங்கள். வரைந்து, எண்ணி, அரை மணித்தியாலத்துக்குள் எடுத்த இடத்திலேயே திருப்பி விடவேண்டும். ஒரு உயிரையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பறவைக் கூடு, முட்டை, ஆமை ஆகியவற்றை எடுப்பது விலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் மாறானது. தூக்கணாங்குருவிக் கூடு கீழே விழுந்து கிடந்தால் அங்கேயே வைத்துக் கைவில்லையால் பார்த்துவிட்டு விடலாம்.

அதே வாய்க்காலில் ஐதரிலா (நீருக்குள் வளரும் செடி) இருந்தால் ஒரு கிளை எடுத்து வாருங்கள். தண்டைத் தண்ணீருக்கு அடியில் வைத்து வெட்டி, வெட்டுமுகம் மேலே பார்க்கப் போத்தலில் வைத்து வெயிலில் விட்டால் அதிலிருந்து குமிழி வரும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். நிழலில் எண்ணுங்கள். லீற்றருக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து மறுபடி எண்ணுங்கள். கிணற்றில் அப்போதே அள்ளிய தண்ணீர் சூடாகும்போது தானாகவே காற்றுக் குமிழி விடும், அது கணக்கைக் கெடுக்கும். முதல்நாள் இரவே எடுத்து வைத்த தண்ணீரைப் பாவியுங்கள்.

பறவை எண்ணுவதற்கு ஒரே இடம், ஒரே நேரம், 15 நிமிடம், வாரம் ஒருமுறை. ஒக்ரோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகளால் எண்ணிக்கை மாறும். மன்னார்ப் பக்கம் உள்ளவர்களுக்கு 2010இல் ராம்சார் (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த) ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலை இருக்கிறது, கட்டுக்கரைக்குளம் இருக்கிறது. கிளிநொச்சிக்காரருக்குச் சுண்டிக்குளம்.

நுளம்புப் போத்தல்

முற்றத்தில் கவிழாத சிரட்டை ஒன்றில் குடம்பி நிச்சயம் கிடைக்கும். பத்துக் குடம்பி அளவில் எடுத்து, அதே நீரோடு ஜாம் போத்தலில் விட்டு, வலையை இரட்டையாக மூடி இறப்பர் வளையம் போடுங்கள். கைவில்லையால் பார்க்கவேண்டியது அவை நீர்ப்பரப்பில் எப்படித் தங்குகின்றன என்பதை. சுவாசக் குழாயை மேலே நீட்டித் தலைகீழாகச் சரிந்து தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஈடிஸ், இவற்றில் ஈடிசின் குழாய் குட்டை. குழாய் இல்லாமல் பரப்புக்குச் சமாந்தரமாகப் படுத்திருந்தால் அனோபிலிஸ். மலேரியாவைக் காவும் இனம் அது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அனோபிலிஸ் இன்னும் இங்கே இருக்கிறது, உள்நாட்டில் ஒட்டுண்ணி பரவுவதுதான் நின்றது. காவியும் நோய்க்கிருமியும் வேறு வேறு என்பதைப் பெரிய பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கூட்டுப்புழு வந்ததும் நிறுத்திவிடுங்கள். நிறையுடலி வெளிவரும் வரை வைத்திருப்பது டெங்குக் காலத்தில் தேவையற்ற ஆபத்து. வலைக்கு மேலாலேயே சவர்க்கார நீர் ஊற்றி அரை மணித்தியாலம் விட்டு, காய்ந்த மணலில் கவிழ்த்துவிடுங்கள். பிறகு பிள்ளைகளே முற்றத்தைச் சுற்றிச் சிரட்டைகளைக் கவிழ்க்கட்டும்.

பனங்கொட்டைப் பாத்தி

முளைத்தலைப் படிப்பிக்கப் பயறும் கௌபியும் போதும் என்றுதான் பாடநூல்கள் சொல்லும். அவற்றையும் செய்யுங்கள்: ஈரப் பஞ்சில் பத்து, காய்ந்த பஞ்சில் பத்து, கொதித்தாறிய நீரில் அமிழ்த்தி மேலே எண்ணெய் படரவிட்டுப் பத்து. ஈரப் பஞ்சில் தண்ணீர் தேங்கினால் அதுவும் காற்றில்லாமல் அழுகி, மூன்றும் ஒரே முடிவைக் காட்டும். பிழிந்த பஞ்சின் ஈரம் போதும். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

பனை நான்கு மாதம் எடுக்கும். ஆனால் பிள்ளை வாயில் வைத்துச் சுவைக்கிற பொருளுக்குள் நடக்கும் விஞ்ஞானம் அது. பழத்திலிருந்து எடுத்த புதுக் கொட்டை 12 வேண்டும். மணற்பாங்கான இளக்கமான மண்ணை இரண்டு அடி உயரத்துக்குக் குவித்து, மேலே கொட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, இரண்டு அங்குலம் மண் மூடுங்கள். மழை வரும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிளறாமல் இருக்க முட்கிளை பரப்பி ஓரத்தில் கட்டை அடியுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு கொட்டை ஓரத்திலிருந்து கிண்டி எடுப்பது. மேலே இழுக்கக்கூடாது, முறியும். பக்கத்தில் குழி வெட்டி அணுகுங்கள். முதலில் தெரிவது கொட்டையின் கண்ணிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒரு தடித்த குழாய். அதைப் பிள்ளைகள் வேர் என்றே எழுதுவார்கள். அது வேரல்ல, வித்திலையின் நீண்ட காம்பு. அதன் நுனிக்குள் ஒளிந்துதான் முளையம் மண்ணின் ஆழத்துக்குப் போகிறது. மாரிக்குப் பிறகு மேல்மண் காய்ந்துபோகும் நிலத்தில் கன்று ஆழத்தில் ஈரம் தேடிக்கொள்ளும் வழி அது. அதே நேரம் கொட்டையைப் பெரியவர் ஒருவர் கத்தியால் பிளந்து காட்டினால் உள்ளே பூரான். வித்திலையின் மறுமுனை பஞ்சுபோல் வீங்கி, கொட்டையின் வெள்ளைப் பருப்பைக் கரைத்து உறிஞ்சும் உறுப்புத்தான் நாங்கள் தின்கிற பூரான். ஒவ்வொரு தடவையும் பூரானின் அகலத்தையும் பருப்பின் தடிப்பையும் அடிமட்டத்தால் அளந்து இரண்டு நிரலில் எழுதினால், ஒன்று கூட மற்றது குறைவது கண்ணுக்குத் தெரியும்.

தைப்பொங்கலை ஒட்டிக் கிழங்கு வந்திருக்கும். ஒரு துண்டை வெட்டி, தேநீர் நிறம் வரத் தண்ணீர் கலந்த பொவிடோன் அயடீனை ஒரு துளி விடுங்கள். கருநீலமானால் மாப்பொருள். பருப்பில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், அப்படிக் கறுக்காது. அங்கே சேமித்திருந்தது வேறு வகைக் காபோவைதரேற்று, கன்று அதைக் கரைத்துக் கொண்டுபோய்க் கிழங்கில் மாப்பொருளாக வைத்திருக்கிறது. ஒடியல் மாவுக்கும் மரவள்ளிக்கும் காய் வாழைப்பழத்துக்கும் பழுத்த வாழைப்பழத்துக்கும் அதே துளி போட்டு வரிசைப்படுத்தலாம். அயடீன் பட்ட துண்டுகளை யாரும் வாயில் வைக்கக்கூடாது. மிச்சத்தை அவித்துத் தின்னுங்கள்.

கிழங்கு கவராகப் பிரிந்தோ குட்டையாகவோ வந்தால் மண் இறுகியிருந்தது என்று அர்த்தம். கொட்டை அழுகினால் பாத்தியின் அடியில் தண்ணீர் நின்றிருக்கிறது.

நிழல்

கோடைக்கு ஏற்ற வேலை இது. ஒரு மீற்றர் தடியைச் சமதரையில் நட்டு, கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு நிமிர்வைச் சரிபாருங்கள். மதியத்துக்கு முன் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் கல் வைத்து, எது மிகக் குட்டை என்று பாருங்கள். அது 12 மணிக்கு வராது. ஏப்ரல் நடுப்பகுதியில் 12.08 அளவில் வரும், பெப்ரவரி நடுவில் 12.20ஐத் தாண்டும், நவம்பர் தொடக்கத்தில் 11.52க்கே வந்துவிடும்.

மாதம் ஒருமுறை மதிய நிழலை அளந்து எழுதுங்கள். கிளிநொச்சியில் டிசம்பர் 22 அளவில் நிழல் வடக்கே 64 செ.மீ. விழும். ஏப்ரல் 14 அளவில், சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி, நிழலே இல்லை. ஜூன் 21 அளவில் தெற்கே 25 செ.மீ. ஓகஸ்ட் கடைசியில் மீண்டும் நிழல் மறையும். வவுனியாவில் நீளம் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மாறும், சூரியன் உச்சிக்கு வருவதும் ஏப்ரலில் ஓரிரு நாள் முந்தும். மதிய நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று வேறு நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை அது பிழை.

புதுவருட நாளில் ஒரு மீற்றர் பீ.வி.சி. குழாயை நிமிர்த்திப் பிடித்தால் அடியில் வட்டமாக வெளிச்சம் விழும், சில நிமிடத்தில் நகர்ந்து போய்விடும். அடியில் வெள்ளைத்தாள் வைத்துப் பாருங்கள். குழாய்க்குள் கண்ணை வைத்து மேலே பார்க்கும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வரும். கண் நிரந்தரமாகக் கெடும். குழாயைப் பெரியவர்தான் பிடிக்கவேண்டும், வேலை முடிந்த உடனே படுக்கப்போட வேண்டும்.

வயது கலந்த வகுப்பில்

ஒரே சோதனையில் சின்னதுக்கும் பெரியதுக்கும் வேறு வேறு வேலை கொடுங்கள். 6–8 வயது வரைவதும் எண்ணுவதும். 9–11 அளப்பதும் அட்டவணையும். 12க்கு மேல் எதைக் கட்டுப்பாடாக வைப்பது என்று தீர்மானிப்பதும் வரைபு கீறுவதும். பெரிய பிள்ளையைச் சின்னதுக்கு ஆசிரியராக்காதீர்கள், விடையைச் சொல்லிவிடும். முடிவு வராத நாளில் நீங்களாக எண்ணைத் திருத்தி எழுதவும் வேண்டாம். ‘வரவில்லை’ என்று எழுதி, கீழே காரணமாக இருக்கக்கூடியவை மூன்றைப் பிள்ளைகளிடம் கேட்டுக் குறித்து, அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி அடுத்த வகுப்பில் திருப்பிச் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.